கெய்னர் லம்ப் சொல்லாமல் விட்ட ட்ரை

கெய்னர் லம்பின் குரலைக் கேட்காத காது எங்கள் ஊர் ஸ்கெல்பெக்கில் கிடையாது. சிப்ஸ் கடையில் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு "அடுத்தது யாரு?" என்று அவள் கேட்டால், எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார். வாரம் முழுக்க மீன் பொரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரக்பி மைதானத்துக்குப் போய் நடுவரை வறுத்தெடுப்பாள். இந்த இரண்டிலும் அவளை அடித்துக்கொள்ள எங்கள் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. பக்கத்து ஊர் பர்ன்தோர்ப்காரர்களே அதை ஒப்புக்கொள்வார்கள், அவர்கள் வேறு எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவர்கள் இல்லை.

இத்தனைக்கும் அவள் கட்டிக்கொண்டது ஒரு நடுவரை. டிரெவர் லம்ப் இளவட்டமாக ஊர்ப் பந்தயங்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்த காலத்தில், கோட்டோரம் நின்ற ஒரு பெண், கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தாயா என்று மைதானம் அதிரக் கேட்டாள். டிரெவர் ஆட்டத்தை நிறுத்தினான். நேரே அவளிடம் வந்தான். "மறக்கலைம்மா, உடைஞ்சுபோச்சு. புதுசு செவ்வாய்க்கிழமைதான் வரும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி விசில் ஊதினான். வாழ்க்கையில் முதல் தடவையாக கெய்னருக்கு வாய் அடைத்துப்போனது. அடுத்த வருஷம் கல்யாணம். ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, அதனால் அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் நடக்கிற சண்டை ஒன்றே ஒன்றுதான்: பந்து முன்னால் போனதா, பின்னால் போனதா. எறிந்த கை எந்தப் பக்கம் பார்த்தது என்பதுதான் கணக்கு என்பார் டிரெவர். ஓடுகிற வேகத்தில் பந்து கொஞ்சம் முன்னால் மிதக்கத்தான் செய்யும் என்பார். அப்படியானால் அது பர்ன்தோர்ப்காரன் எறியும்போது மட்டும் ஏன் மிதக்கிறது என்று இவள் கேட்பாள். குழந்தைகள் வளர்ந்து வெளியூர் போனார்கள், இந்த வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை.

அவள் கைக்கு மைக் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் கண் தெரியாத ரசிகர்களுக்குக் காதில் மாட்டிக்கொள்ள ஹெட்ஃபோன் கொடுப்பார்கள். ஒருவர் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார், இவர்கள் கேட்பார்கள். முதலில் அந்த வேலையைப் பார்த்தவர் ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரி. வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு டெஸ்மண்ட் ஃபாசெட் ஒருநாள் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் போட்டுவிட்டார்.

டெஸ்மண்ட் யார் என்று ஸ்கெல்பெக்கில் யாரும் கேட்கமாட்டார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் கரி வெட்டியவர், சனிக்கிழமைகளில் எங்கள் முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளியவர். மூக்கு எத்தனை தடவை உடைந்தது என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அறுபதைத் தாண்டும்போது பார்வை மெல்ல மெல்லப் போய்விட்டது. அவர் மகன் ஜான்டிதான் இப்போது எங்கள் அணித் தலைவன், பிளம்பர், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துக் கோல் புள்ளி எடுக்கிறவனும் அவனே. அப்பாவுக்கு அவன் ஆடுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. "ஆட்டம் எப்படின்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஜெயிக்கிறோமா தோக்குறோமான்னு வயித்துக்குள்ள தெரியணும். அந்த சிப்ஸ் கடைப் பொண்ணை உட்கார வைங்க" என்றார் டெஸ்மண்ட். அந்தப் பொண்ணுக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது.

வைத்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? எங்கள் ஆட்கள் மூச்சுவிட்டால் அதையும் சொல்வாள். ஜான்டி காலுறையை ஏற்றிவிட்டான், ஜான்டி எச்சில் துப்பினான், நல்ல தூரத்துக்குத் துப்பினான் என்பாள். எதிரணி பந்தை எடுத்தால் "அவங்க ஓடுறாங்க, பெரிசா ஒண்ணுமில்லை" என்பாள். எதிரணி ட்ரை போட்டுவிட்டால், அதாவது எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால், அதை அவள் வாயால் சொல்லவே மாட்டாள். தலையைத் திருப்பி எங்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டு, "மேகமா இருக்கு டெஸ்மண்ட், மஃப்ளரைக் கட்டிக்கோங்க" என்பாள். டெஸ்மண்ட் பெருமூச்சு விட்டு மஃப்ளரை ஒரு சுற்று சுற்றிக்கொள்வார். அவர் கழுத்தில் எத்தனை சுற்று என்று பார்த்தே பின்வரிசைக்காரர்கள் ஆட்டம் போகிற லட்சணத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

இதெல்லாம் எங்களுக்குள் சரி. வசந்த காலத்தில் பர்ன்தோர்ப்பிலிருந்து ரெக் கிராப்ட்ரீ என்று ஒருவர் வந்தார். பார்வை இல்லாதவர், அவர்கள் அணியின் தீராத ரசிகர். ஒரு ஹெட்ஃபோன் வாங்கி மாட்டிக்கொண்டு, ஆட்டம் முழுவதும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தன் அணி ஒரு ட்ரைகூடப் போடவில்லையே என்று தொங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போனார். அங்கே மகள் சொல்லித்தான் தன் அணி வெளுத்து வாங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. மனிதர் கொதித்துப்போனார். இத்தனை தடவை மேகம் கூடியும் ஒரு சொட்டு மழை விழவில்லையே என்று அப்போதே சந்தேகப்பட்டதாக கிளப்புக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

செயலாளர் கிளைவ் கெய்னரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கோப்பைக் கால் இறுதியில் மறுபடி பர்ன்தோர்ப் வருகிறது, ரெக்கும் வருகிறார், நானும் ஒரு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவேன், அவர்கள் ட்ரையை நம்முடைய ட்ரை மாதிரியே சொல்ல வேண்டும், இல்லையென்றால் மைக் மறுபடி பாங்க்காரருக்கு என்றார். மைக் போய்விட்டால் டெஸ்மண்ட் மைதானத்துக்கு வரமாட்டார். ரேடியோ கேட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்று சொல்லியும்விட்டார். ரேடியோவில் பேசுகிறவர்களோ மலைக்கு அந்தப் பக்கத்து லங்காஷயர்காரர்கள், எங்களுக்குப் பரம்பரைப் பகையாளிகள். அவர்கள் வாயால் ஸ்கெல்பெக்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அதனால் வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. டிவியில் ஆட்டத்தைப் போட்டு, சத்தத்தை அடைத்துவிட்டு, கெய்னர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பக்கம் சாய்ந்தால் டிரெவர் விசில் ஊதுவார். பழைய விசில், துருப்பிடித்திருந்தாலும் நன்றாகவே கேட்டது. முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர், தொலைந்த நாயை விசிலடித்துக் கூப்பிடுகிறார்களோ என்று வந்து கதவைத் தட்டினார். விசில் தொல்லை தாங்காமல் கெய்னர் சத்தத்தைத் திறந்தால், உள்ளே டிவிக்காரன் பெரிய ஊர் அணிக்குத் துதி பாடிக்கொண்டிருந்தான். பாரு, இவன் ஒரு பக்கமாப் பேசினா சம்பளம் கொடுக்கிறாங்க, நான் சும்மா பேசினா குத்தமா என்று அவள் பொரிந்து தள்ள, உன் அளவுக்கு அவன் பேசவில்லை என்று டிரெவர் சொல்லிவிட்டு அன்று தானே தேநீர் போட்டுக் குடித்தார்.

கால் இறுதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கிளப் பாரில் ஒரே வாக்குவாதம். தலையில் அடிபட்ட ஆட்டக்காரனை உடனே வெளியே கூட்டிப்போய்க் கால் மணி நேரம் சோதிக்க வேண்டும், தேறாவிட்டால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. இந்த விதியைப் பற்றித்தான் பேச்சு. டெஸ்மண்டுக்கு அது ஆகவே ஆகாது. எங்க காலத்துல குளிர்ந்த தண்ணியில பஞ்சை முக்கி மூஞ்சியில ஒரு தேய்ப்பு, எந்திரிச்சு ஓடுடா, அவ்வளவுதான் வைத்தியம், இப்போ தும்மினாக்கூட டாக்டர் வர்றாங்க என்று மேசையைத் தட்டினார். டிரெவர் சாதாரணமாகப் பேசாதவர். அன்றைக்கு மட்டும் மெதுவாக, ரான்னி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ரான்னி டெஸ்மண்டின் தோளோடு தோள் நின்று ஆடியவர். அதே பஞ்சு, அதே வைத்தியம். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கெய்னர்தான் காரில் டெஸ்மண்டை அங்கே கூட்டிப்போவாள். ஒவ்வொரு தடவையும் ரான்னி டெஸ்மண்டின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க யாரு, எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே என்று கேட்பார். பாரில் டெஸ்மண்ட், ரான்னி சௌக்கியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் பிதுங்கியது. எங்கள் ஹெட்ஃபோன்காரர்கள் உட்காரும் இடம் மாற்று ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் அணி டாக்டரும் உட்காருகிற பெஞ்சுக்கு நேர் பின்னால், கை எட்டுகிற தூரம். முன்வரிசையில் டெஸ்மண்டும், ஒரு நாற்காலி தள்ளி ரெக்கும். பின்வரிசையில் கெய்னர். அவளுக்கு ஒரு பக்கம் கிளைவ், மறுபக்கம் முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டு டிரெவர்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், கெய்னர் ஒழுங்காகச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பர்ன்தோர்ப் முதல் ட்ரை போட்டபோது, "பர்ன்தோர்ப் ஓரத்து ஆள் வாங்குறான், நம்ம... ஸ்கெல்பெக் ஆள் கோட்டை விடுறான், மூலையில வைக்கிறான், ட்ரை. நல்ல ட்ரை" என்றாள். அந்த 'நல்ல'வுக்கு அவள் பட்ட பாட்டைப் பார்த்து டிரெவருக்கே பாவமாகிவிட்டது. ரெக் திரும்பிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். டெஸ்மண்ட் மஃப்ளரைத் தொட்டார், ஆனால் யாரும் கட்டச் சொல்லாததால் கையை எடுத்துக்கொண்டார். கிழவருக்கு உற்சாகமே வற்றிவிட்டது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது, நாங்கள் இரண்டு புள்ளி முன்னிலை. அப்போது பர்ன்தோர்ப்பின் பெரிய ஆள் ஒருவன் பந்தோடு வந்தான், ஜான்டி குனிந்து அவனைப் பிடிக்கப் போனான். முறையான பிடிதான், யார் மேலும் தப்பில்லை. ஆனால் தலை போன இடம் தவறு, அந்த ஆளின் இடுப்பு எலும்பில் போய் மோதியது. விழுகிறபோதே அந்த ஆள் பந்தைத் தட்டிவிட, இன்னொருவன் பொறுக்கிக்கொண்டு காலி மைதானத்தில் பறந்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எல்லாக் கண்ணும் பந்தோடு போனது. டிரெவர் கண், கிளைவ் கண், டாக்டர் கண், நடுவர் கண், எல்லாம்.

கெய்னரின் கண் மட்டும் போகவில்லை. எதிரணி ட்ரை போடப் போகிறது என்றால் எங்கள் ஆட்களைப் பார்ப்பது அவளுடைய பல வருஷப் பழக்கம், மூன்று வார விசிலில் அது போய்விடுமா? அவள் ஜான்டியைப் பார்த்தாள். ஜான்டி ஒரு முழங்காலில் எழுந்தான். கையால் புல்லைத் தடவினான், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி. எழுந்து, எங்கள் கோல் கம்பங்கள் இருக்கிற பக்கம் போகாமல், பர்ன்தோர்ப் கம்பங்களை நோக்கி நடந்தான். நின்றான். அந்தக் கம்பத்தைப் பார்த்தான், இந்தக் கம்பத்தைப் பார்த்தான். அப்புறம் தூரத்தில் எங்கள் ஆட்கள் நிற்பதைக் கண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அங்கே ஓடினான்.

பர்ன்தோர்ப் கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது. ட்ரை! ட்ரையைச் சொல்லு என்று டிரெவர் முழங்கையால் இடித்தார். கிளைவ் கழுத்தை நீட்டி அவள் வாயையே பார்த்தார். முன்னால் டெஸ்மண்ட், கூட்டத்தின் சத்தத்திலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டு, மஃப்ளரை எடுத்துப் பாதிச் சுற்று சுற்றி, அவள் குரலுக்காகக் காத்திருந்தார்.

கெய்னர் இன்னும் ஜான்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் ஜான்டியை வெளியே எடுத்துவிடுவார்கள். அவனை விட்டால் எங்களுக்குக் கோலுக்கு உதைக்க ஆள் இல்லை, கோப்பை போச்சு. ட்ரையைச் சொல்லாமல் இதைச் சொன்னால் மைக்கும் போச்சு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு ரான்னியின் கை ஞாபகம் வந்தது. டெஸ்மண்டின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, யார் என்று தெரியாமல் சிரிக்கிற அந்தக் கை.

"டெஸ்மண்ட்," என்றாள் மைக்கில். "ஜான்டி சரியா இல்லை. தலையில பட்டிருக்கு. எந்திரிச்சு தப்பான பக்கம் நடந்தான். எந்தக் கம்பம் நம்மளுதுன்னு அவனுக்குத் தெரியலை."

மஃப்ளர் சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பிறகு டெஸ்மண்ட் ஃபாசெட், பஞ்சு வைத்தியத்தின் பரம பக்தர், எழுந்து நின்று முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரிச் சுரங்கத்தில் கூப்பிட்ட குரலில் கூப்பிட்டார்.

"டாக்டர்! என் பையனைப் பாருங்க! அவனை வெளிய எடுங்க!"

டாக்டர் சின்ன வயதுப் பெண். திரும்பி, ஜான்டியைப் பார்த்தாள். அவன் கம்பத்தடியில் இடுப்பில் கை வைத்து நேராகத்தான் நின்றான், பார்க்க ஒன்றும் தெரியவில்லை. அவள் கம்பிக்கு வந்து, யார் பார்த்தது என்று கேட்டாள். பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து கத்தினார், அந்தம்மா சொல்றதையெல்லாம் கேக்காதீங்க, அவங்க ஆட்டத்தையே சரியாப் பாக்கமாட்டாங்க என்று. கெய்னர் எழுந்து, பார்த்ததைப் பார்த்தபடி மறுபடி சொன்னாள். டாக்டர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"நம்ம ஆளைப் பத்தி நீங்க ஒரு நாளும் குறையாப் பேசினதில்லை," என்றாள். "நீங்களே சொல்றீங்கன்னா எனக்குப் போதும்."

ஜான்டி கையை உதறினான், தகராறு செய்தான், எனக்கு ஒன்றுமில்லை என்றான். கூட்டம் டாக்டரைக் கரித்துக்கொட்டியது. கடைசியில் அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார்கள். அந்த ட்ரையின் நாலு புள்ளியோடு பர்ன்தோர்ப் இரண்டு புள்ளி முன்னால் போயிருந்தது. கடைசி நிமிஷத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, கம்பத்துக்கு நேர் எதிரே, உள்ளே போனால் இரண்டு புள்ளி, ஆட்டம் சமம். ஜான்டியானால் தூக்கத்தில்கூட உதைப்பான். வேறொருவன் உதைத்தான், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவ்வளவுதான். கெய்னர் படியிறங்கும்போது, பல வருஷமாக அவளிடம் சிப்ஸ் வாங்கித் தின்ற வாய்களெல்லாம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று அவள் காதுபடச் சொல்லின. டிரெவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரே திட்டும்போது எப்படி நடந்துபோக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், முப்பது வருஷ அனுபவம்.

பாரில் டெஸ்மண்ட் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மஃப்ளர் மடியில், பீரைத் தொடவில்லை. டாக்டர் வந்து, சோதனையில் அவன் தேறவில்லை, இன்றைக்கு யாரோடு ஆட்டம் என்று கேட்டதற்குப் போன வாரத்து ஊரைச் சொன்னான், இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று சொல்லிவிட்டுப் போனாள். டெஸ்மண்ட் தலையை ஆட்டினார்.

ரெக் கிராப்ட்ரீ மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, கெய்னரின் குரல் வந்த திசையைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தார்.

"எங்க ட்ரையை நீங்க சொல்லலைம்மா," என்றார்.

"ஆமாங்க, சொல்லலை."

"உங்க செயலாளர்கிட்டப் புகார் பண்ணிட்டேன். எனக்குத் தனியா ஒரு ஆள் வேணும்னு கேட்டிருக்கேன். உங்க வீட்டுக்காரர் நடுவராமே, அவரைப் போடச் சொன்னேன். உங்ககிட்டேருந்து மைக்கைப் பிடுங்கினா அதுக்கும் புகார் பண்ணுவேன்னு சொல்லிட்டேன்." சற்று நின்று, டிரெவர் இருப்பதாக அவர் நினைத்த பக்கம் திரும்பினார். "எங்க பையன் ஒருத்தன் விழுந்தான்னா, நீங்க பந்து பின்னாடி ஓடாதீங்க, என்ன?"

டிரெவர் சரி என்றார். கிளைவ் தூரத்திலிருந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், என்னை ஆளை விடுங்கள் என்கிற மாதிரி.

அப்போது உட்கதவு திறந்தது. டெஸ்மண்ட் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கெய்னரின் கையைத் தடவிப் பிடித்தார்.

"சொல்லு, கண்ணு," என்றார்.

மைக் இல்லை, ஹெட்ஃபோன் இல்லை. கெய்னர் அவர் காதருகே குனிந்தாள். "ஜான்டி வர்றான். தலை சீவியிருக்கான், மோசமா சீவியிருக்கான். கையில இறைச்சியும் உருளைக்கிழங்கும் வச்சுச் சுட்ட பண்டம் ஒண்ணு வச்சிருக்கான், பாதியைத் தின்னுட்டான். என்னைப் பாத்து முறைக்கிறான். நல்லாவே முறைக்கிறான்."

"நேரா நடக்கிறானா?"

"நேரா நடக்கிறான். நாற்காலியைச் சுத்தி வர்றான். இப்போ உங்களைப் பாத்துட்டான், டெஸ்மண்ட். உங்ககிட்டத்தான் வர்றான்."

டெஸ்மண்டின் முகம் கோணியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மகன் கை தோளில் விழுந்ததும் அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தார். நான் யார் தெரிகிறதா என்று கேட்டார். ஜான்டிக்கு எரிச்சல், தெரியாமல் என்னப்பா, அதே மூக்குத்தானே என்றான். அதைக் கேட்டு டெஸ்மண்ட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அப்புறம் பீரை எடுத்து ஒரே இழுப்பில் பாதியைக் காலி செய்துவிட்டு, கெய்னர் பக்கம் திரும்பினார்.

"சரி, அந்தப் பயலுக ட்ரை போட்டானுகளே, அது எப்படி இருந்துச்சு?"

கெய்னர் அவர் மடியிலிருந்த மஃப்ளரை எடுத்தாள். அவர் கழுத்தில் ஒரு சுற்று சுற்றி, முன்னால் நன்றாக முடிந்துவிட்டாள்.

"மேகமா இருக்கு டெஸ்மண்ட்," என்றாள்.